முறைப்பாட்டை எங்கே கொடுப்பது? மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் முன்னால் உள்ள வழிகள்

வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. பக்கத்து வளவுக்காரர் ஒரே இரவில் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். வாடியில் கழற்றி வைத்த படகு இயந்திரம் போய்விட்டது. இப்படி ஏதும் நடந்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யைப் பிடி என்பார் ஒருவர், அவருக்கு மேலே உள்ள எஸ்.எஸ்.பி.க்குப் பெட்டிசம் போடு என்பார் இன்னொருவர், மனித உரிமைக்குப் போ என்பார் மூன்றாமவர். எல்லாம் உள்ள வழிகள்தான். ஆனால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு வகை வேலையைத்தான் செய்யும். திருடனைத் தேடுவது ஓரிடத்தின் வேலை. பறிபோன காணியில் திரும்ப இறங்க வைப்பது வேறோர் இடத்தின் வேலை. கடமை தவறிய பொலிஸ்காரரைக் கேள்வி கேட்பது இவை இரண்டுக்கும் வெளியே நடக்கிறது. என்ன வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டால் எங்கே போவது என்பதில் குழப்பம் பெரும்பாலும் இராது.

மேலிருந்து கீழே யார் யார்

இலங்கையில் மாகாணப் பொலிஸ் என்று ஒன்று இயங்குவதில்லை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாணங்களுக்கு எழுத்தில் கொடுத்தது, அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே வாகரையில் வேலை செய்யும் கான்ஸ்டபிளும் காலியில் வேலை செய்யும் கான்ஸ்டபிளும் ஒரே பொலிஸ் மா அதிபரின் கீழ்தான். நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட பொலிஸ் நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பதிகாரி, அதாவது ஓ.ஐ.சி. மட்டக்களப்பு போன்ற தலைமையக நிலையங்களில் அவரை எச்.கியூ.ஐ. என்பார்கள். சில நிலையங்கள் சேர்ந்து உதவிப் பொலிஸ் அத்தியட்சகரான ஒரு ஏ.எஸ்.பி.யின் கீழ் வரும். அப்படிப் பல சேர்ந்தது ஒரு பொலிஸ் பிரிவு, அதன் தலைவர் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர், அதாவது எஸ்.எஸ்.பி. அதற்கு மேலே பிரதிப் பொலிஸ் மா அதிபரான டி.ஐ.ஜி., மாகாணத்துக்கு ஒரு சிரேஷ்ட டி.ஐ.ஜி., உச்சியில் பொலிஸ் மா அதிபரான ஐ.ஜி.பி.

இந்த ஏணியைத் தெரிந்து வைத்திருக்கக் காரணம் இருக்கிறது. மேலே எந்தப் படிக்குக் கடிதம் போட்டாலும் அது ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, உங்கள் ஊர் நிலையத்திடம் "அறிக்கை தருக" என்ற குறிப்போடு வந்து நிற்கும். ஐ.ஜி.பி.யின் இணைய முறைப்பாட்டு வழியான 'டெல் ஐ.ஜி.பி.' மூலம் அனுப்பியதும் அப்படித்தான். மேலே எழுதுவது வீண் என்று சொல்லவில்லை. கீழே ஒரு பதிவு இருந்தால் மட்டுமே மேலே இருப்பவரால் எதையாவது பிடித்துக் கேட்க முடியும். முறைப்பாட்டு இலக்கம் இல்லாத பெட்டிசத்துக்கு "இவ்வாறான முறைப்பாடு எதுவும் எமது நிலையத்தில் பதிவாகவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

இன்னொன்று. பொலிஸ் எல்லையும் பிரதேச செயலக எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உங்கள் கிராம சேவகர் பிரிவு எந்த நிலையத்துக்குரியது என்பதைக் கிராம சேவகரிடமே கேட்டுக்கொள்ளலாம். கரடியனாறு, வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்ற, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கங்களில் தவறான நிலையத்துக்குப் போனால் அரை நாள் போய்விடும்.

நிலையத்துக்குள் எந்த மேசை

நிலையத்தை ஒரே கதவு என்று நினைப்பதுதான் முதல் பிழை. உள்ளே குற்றப் பிரிவு, சிறு குற்றப் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு, சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு என்று தனித்தனி மேசைகள். களவு, கொள்ளை, பாரதூரமான காயம் குற்றப் பிரிவுக்குப் போகும். ஏச்சுப் பேச்சு, சிறு அடிபிடி, வேலித் தகராறு, கடன் பிரச்சினை எல்லாம் சிறு குற்றப் பிரிவுக்கு. எந்த மேசையில் உட்காருகிறீர்கள் என்பதோடு எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது என்பதும் மாறும். சி.ஐ.பி. என்பது முறைப்பாட்டுப் புத்தகம். எம்.ஓ.ஐ.பி. சிறு குற்றங்களுக்கு. ஜி.சி.ஐ.பி. பாரதூரமான குற்றங்களுக்கு. கையில் தரும் துண்டில் இந்த எழுத்துகளும் அதன் பின்னால் எண்களும் திகதியும் இருக்கும். வீட்டை உடைத்து நகை எடுத்த சம்பவம் எம்.ஓ.ஐ.பி. என்று தொடங்கும் இலக்கத்தோடு வந்தால், அதே இடத்தில் ஏன் என்று கேளுங்கள். பிறகு வந்து மாற்றுவது கடினம்.

எழுதுகிறவர் இரண்டில் ஒன்றைக் கேட்பார், அல்லது கேட்காமலே எழுதிவிடுவார்: அறிவித்தலுக்காக மட்டுமா, விசாரணை வேண்டுமா? அடையாள அட்டை தொலைந்ததற்கு முதலாவது போதும், பிரதியை வாங்கிக்கொண்டு போகலாம். மற்ற எதற்கும் வாக்குமூலத்தின் கடைசியில் "இது தொடர்பாக விசாரணை நடத்தி நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற வசனம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டாலும் "நீங்கள் எதிர்கால நோக்கத்துக்காகத்தானே போட்டீர்கள்" என்ற பதிலே வரும்.

மொழி விடயத்தில் சட்டம் தெளிவு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி வாய்மொழியாகச் சொல்வதை, சொல்லப்படும் மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். எழுதத் தமிழ் தெரிந்தவர் கடமையில் இல்லையென்றால் உங்களையே எழுதித் தரும்படி கடமையில் உள்ள அதிகாரி கேட்க வேண்டும். உங்களால் எழுத முடியாத நிலையில்தான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைக் குறித்து, விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். நடைமுறையில் அம்பாறை நகரம், உகண, தமண போன்ற நிலையங்களில் சிங்களத்தில் எழுதிவிட்டு "ஒப்பமிடுங்கள்" என்று நீட்டுவது நடக்கக்கூடியதே. அதற்கு நல்ல மருந்து, வீட்டிலேயே தமிழில் தெளிவாக எழுதி இரண்டு பிரதியோடு போவது. நேரம், இடம், பெயர், பொருளின் அடையாளம், சாட்சி யார் என்பவற்றோடு ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். அதை வாக்குமூலத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். விளங்காத எழுத்தின் கீழ் கையொப்பம் வைக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பொருளின் அடையாளம் என்றது சும்மா இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு இலக்கம் மட்டும் போதாது, செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் வேண்டும். திருடியவன் முதலில் கழற்றி எறிவது இலக்கத் தகட்டைத்தான். படகு இயந்திரத்துக்குத் தொடர் இலக்கம், குதிரை வலு, வாங்கிய பற்றுச்சீட்டு, படகின் மீன்பிடித் திணைக்களப் பதிவு இலக்கம். மாட்டுக்குக் குறியின் வடிவம், காதடையாளம், உரிமைச் சீட்டு. கைத்தொலைபேசிக்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். அது தொலைபேசி வந்த பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், பெட்டியை எறிந்துவிடாதீர்கள். "கறுப்பு நிற போன் ஒன்று" என்று எழுதிய முறைப்பாட்டை வைத்து எந்தக் கெட்டிக்கார அதிகாரியாலும் எதையும் தேட முடியாது.

நிலையத்திடம் உள்ள கருவிகளும் இல்லாதவையும்

தொலைக்காட்சி பார்த்துவிட்டு எல்லா நிலையத்திலும் ஆய்வுகூடம் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கிராமப்புற நிலையம் ஒன்றின் கைமுதல் பெரும்பாலும் ஒரு ஜீப், சில மோட்டார் சைக்கிள், ஒரு முச்சக்கரவண்டி, வானொலித் தொடர்பு, காவலுக்குச் சில ரி-56 துப்பாக்கிகள், போக்குவரத்துப் பிரிவிடம் மதுபோதையைச் சோதிக்கும் கருவி. அவ்வளவுதான். ஜீப் நீதிமன்றத்துக்குச் சந்தேக நபர்களைக் கொண்டுபோயிருக்கும் காலை வேளையில் "வாகனம் இல்லை" என்று சொன்னால் அது சாட்டாக இல்லாமல் உண்மையாகவும் இருக்கலாம்.

கைரேகை, தடயம், புகைப்படம் எடுப்பது குற்றத்தடயப் பிரிவின் வேலை. 'சொக்கோ' என்று பத்திரிகைகள் எழுதுவது இவர்களைத்தான். அவர்கள் பிரிவு மட்டத்தில் இருக்கிறார்கள், நிலையம் கூப்பிட்டால் வருவார்கள். மோப்பநாயும் அப்படியே. ஆகவே வீடு உடைபட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: உடைந்த அலுமாரியை மூடாதீர்கள், கதவுப் பிடியைத் துடைக்காதீர்கள், வாசலைக் கூட்டாதீர்கள், மழை வருமாறு இருந்தால் கால்தடத்தின் மேல் ஒரு பேசினைக் கவிழ்த்து வையுங்கள். முறைப்பாடு எழுதும்போதே "தடயப் பிரிவை அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று சேருங்கள். அயலவர்கள் கூடி ஆளாளுக்கு அலுமாரியைத் தொட்டுப் பார்த்து அனுதாபம் சொன்ன பிறகு வரும் சொக்கோவுக்கு அந்த வட்டாரத்தின் கைரேகை முழுவதும் கிடைக்கும், கள்ளனுடையது மட்டும் கிடைக்காது.

இரத்தம், இரசாயனம், போதைப்பொருள் மாதிரிகள் கொழும்புப் பக்கமுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும். அந்த அறிக்கைகள் மாதக்கணக்கில் இழுபடும். அந்தத் தாமதத்தை ஓ.ஐ.சி.யோடு சண்டை பிடித்துக் குறைக்க முடியாது.

காயம் பட்டவர் விடயம் தனி. முதலில் பொலிஸுக்குப் போய் மணித்தியாலக்கணக்கில் வாங்கில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் காவலரண் உண்டு. அங்கே வாக்குமூலம் எடுத்து உரிய நிலையத்துக்கு அறிவிப்பார்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டுமானால் பொலிஸ் கொடுக்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் தேவை, அது வந்ததா என்று வாட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் கிளினிக்கில் மருந்து கட்டி இரண்டு நாள் கழித்துப் போனால் காயத்தின் தன்மையும் மங்கும், வழக்கும் மங்கும்.

119, எஸ்.டி.எஃப்., கொழும்புப் பிரிவுகள்

119 அவசரத்துக்கானது: அடிபிடி நடந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டான், வீதியில் மோதிவிட்டு வாகனம் ஓடுகிறது. அழைப்பு மத்திய நிலையத்துக்குப் போய் அங்கிருந்து உங்கள் நிலையத்துக்கு வரும். நேரே நிலையத்துக்கு எடுப்பது விரைவு. மட்டக்களப்புக்கு 065, கல்முனைக்கு 067, அம்பாறைக்கு 063 என்று தொடங்கும் நிலைய இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள். 119இன் நன்மை வேறு: எத்தனை மணிக்கு அறிவித்தீர்கள் என்பதற்கு நிலையத்துக்கு வெளியே ஒரு பதிவு இருக்கும். இரண்டுக்கும் எடுப்பதில் தப்பில்லை. எடுத்ததோடு முறைப்பாடு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது, நிலையத்துக்குப் போய் எழுத வேண்டும்.

எஸ்.டி.எஃப். என்ற விசேட அதிரடிப்படை 1983இல் உருவானது. கிழக்கில் அவர்களைத் தெரியாதவர் இல்லை. அவர்களும் பொலிஸ்தான், ஆயுதமும் பயிற்சியும் வேறு. சட்டவிரோத மண் அகழ்வு, கசிப்பு, துப்பாக்கி போன்றவற்றுக்கு அவர்களிடம் தகவல் கொடுப்பவர்கள் உண்டு, சுற்றிவளைப்பும் வேகமாக நடக்கும். ஆனால் பிடித்த ஆளையும் பொருளையும் கடைசியில் பக்கத்துப் பொலிஸ் நிலையத்திடம்தான் ஒப்படைப்பார்கள், வழக்கை நடத்துவது நிலையம். தனிப்பட்ட பிணக்குக்கு முகாமுக்குப் போவதால் காகிதத்தில் எதுவும் மிஞ்சாது.

குற்றப் புலனாய்வுத் திணைக்களமான சி.ஐ.டி., போதைப்பொருள் தடுப்புப் பணியகம், கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு போன்றவை பெரிய, பல பிரிவுகளைத் தாண்டும் விடயங்களுக்கு. இணைய வங்கி மோசடி, போலிக் கணக்கில் படம் போட்டு மிரட்டல் போன்றவற்றுக்குக் கணினிக் குற்றப் பிரிவு பொருத்தம், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதற்கென்றே உள்ளது. காசு போயிருந்தால் பொலிஸுக்கு முன்பு வங்கிக்கு எடுங்கள். கணக்கை முடக்குவதில் முதல் ஒரு மணித்தியாலம்தான் எல்லாம். திரைப்பிடிப்புகளில் கணக்கின் முகவரி, திகதி, நேரம் தெரிய வேண்டும். கோபத்தில் அரட்டையை அழித்துவிட்டு வருகிறவர்களே அதிகம்.

காணியும் கடனும்: பொலிஸால் முடிந்தது கொஞ்சம்

இந்த இரண்டிலும்தான் எங்கள் பக்கத்துச் சனம் நிலைய வாங்கில் அதிக நாளைக் கழிக்கிறது. கடனை வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் பொலிஸுக்கு இல்லை. கூப்பிட்டுக் கதைப்பார்கள், மாதாமாதம் தருவதாக எதிராளி எழுதிக் கொடுப்பார், இரண்டு மாதம் தருவார், பிறகு நிற்கும். அந்தக் கடிதத்தை வைத்து ஓ.ஐ.சி. யாரையும் அடைக்க முடியாது. கடனுக்கு உரிய இடம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, செலவு இல்லை. தீர்வு எட்டாவிட்டால் அவர்கள் கொடுக்கும் தீர்க்கப்படாமைச் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். சிறு தொகைக்கும், சிறு காயம், அத்துமீறல் போன்ற சில சிறு குற்றங்களுக்கும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வழக்கே எடுபடாது. ஏமாற்றும் எண்ணத்தோடு ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லி வாங்கிய பணம் வேறு கதை, வெளிநாட்டு வேலை மோசடி மாதிரி. அது குற்றம், குற்றப் பிரிவுக்குப் போகலாம்.

காணியில் காலம் முக்கியம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கை முறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று குறைவானவர்களுக்கே தெரியும். காணித் தகராறால் சமாதானக் குலைவு வரலாம் என்றால் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிக்கை போடலாம். பொலிஸ் போடாவிட்டால் நீங்களே சட்டத்தரணி மூலம் சத்தியக்கடதாசியோடு போடலாம். நீதவான் பார்ப்பது காணி உறுதி யாருடையது என்பதை அல்ல, கைவசம் யாரிடம் இருந்தது என்பதை. நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டது தகவல் பதியப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் என்றால் திரும்பக் கைவசம் பெறலாம். அது தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கு. எல்லை, வேலி, பாதை, வயல் செய்யும் உரிமை, விளைச்சல் எல்லாம் இந்தப் பிரிவுக்குள் வரும்.

இங்கேதான் நிலையத்தை நம்பி இருப்பது ஆபத்து. "அடுத்த கிழமை இரண்டு பேரையும் கூப்பிடுறோம்" என்று நான்கு தடவை சொன்னால் ஒரு மாதம் முடிந்தது. கிராம சேவகர் வந்து பார்க்க இன்னும் இரண்டு கிழமை. நாள் கணக்கை எண்ணிப் பார்த்து, வெளியேற்றப்பட்ட மூன்றாவது கிழமைக்குள் பொலிஸ் அறிக்கை போடவில்லை என்றால் சட்டத்தரணியிடம் போய்விடுவதே புத்தி. முதல் நாள் போட்ட முறைப்பாட்டின் பிரதியும் வேலி பிடுங்கப்பட்ட நிலையில் எடுத்த படமும் அப்போது கைகொடுக்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தகராறு, குத்தகைக்காரர் உரிமை என்பவற்றுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமநல சேவை நிலையம் இருக்கிறது. வட்டை (வயல்வெளி) வேலை தெரிந்தவர்கள் அங்கே இருப்பதால் பொலிஸைவிட விடயம் பிடிபடும்.

வீட்டுக்குள் நடக்கும் அடி

சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் பெண் அதிகாரியிடம் சொல்லலாம், அது நல்ல தொடக்கம். ஆனால் அங்கே பெரும்பாலும் கணவனைக் கூப்பிட்டு எச்சரித்து, "பிள்ளைகளைப் பார்த்துச் சேர்ந்திருங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் தடவைக்கு அது சிலருக்குப் போதுமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்பதே பலமான வழி. பாதிக்கப்பட்டவரே நேராக விண்ணப்பிக்கலாம், அவர் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 14 நாளுக்குள் விசாரணை, அதன் பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அதை மீறினால் சிறைவரை போகும் குற்றம். இந்தக் கட்டளை கிடைக்க விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை, வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. தாய் வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

சிறுவர் துஷ்பிரயோகம் என்றால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இலக்கத்துக்கும் உடனே அறிவியுங்கள். நிலையத்திலோ பள்ளிவாசலிலோ கோயில் வாசலிலோ யாரும் உட்கார்ந்து சமாதானம் பேசித் தீர்க்கக்கூடிய விடயம் அது இல்லை, சட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

நிலையம் அசையாதபோது

முதலில் ஏ.எஸ்.பி. அலுவலகம், அதற்கடுத்து எஸ்.எஸ்.பி. பல எஸ்.எஸ்.பி. அலுவலகங்கள் கிழமையில் ஒரு நாளைப் பொதுமக்களைச் சந்திக்க ஒதுக்குகின்றன, எந்த நாள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, அன்றைக்கு எழுதியவரின் பதவி, அதன் பின் நடந்தது, நீங்கள் கேட்பது என்ன. இவ்வளவும் ஒரு பக்கத்தில் இருந்தால் உங்கள் முன்னாலேயே அவர் ஓ.ஐ.சி.க்குத் தொலைபேசி எடுப்பார். எங்கள் கணிப்பில் விசாரணையை அசைப்பதற்கு இந்தப் படிதான் அதிகம் பயன்படுவது. அதற்கு மேலே போகப் போக வேகம் குறைகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பொலிஸ் விடயத்தில் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். "எனது இன்ன இலக்க முறைப்பாட்டில் இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். விசாரணைக்குப் பாதகம் என்று சிலவற்றை மறுக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் வந்ததும் பல இடங்களில் கோப்பு அலுமாரியிலிருந்து மேசைக்கு வந்துவிடும்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழு எதற்கு? முறைப்பாட்டை எழுத மறுத்தார், காசுக்குக் கைநீட்டினார், எதிராளியின் பக்கம் சாய்ந்தார் என்று ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் நடத்தை மீது குறை சொல்வதற்கு. இடமாற்றமும் ஒழுக்காற்றும் அதன் கையில் உள்ளவை. உங்கள் காணாமற்போன சைக்கிளை அது தேடாது. அங்கே போன கடிதமும் பெரும்பாலும் அதே பிரிவின் மேலதிகாரியிடம் அறிக்கை கேட்டு வரும் என்பதால் திகதி, நேரம், சாட்சி பிசகாமல் இருக்க வேண்டும். "எல்லாரும் கள்ளர்" என்று எழுதுவதால் மனம் ஆறும், விசாரணை நடக்காது.

அடி, சித்திரவதை, சட்டவிரோதமாக வைத்திருத்தல், மொழி அல்லது இனம் பார்த்து நடத்துதல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன, 1996 அதன் அவசர இலக்கம். கைதான ஆள் எங்கே என்று தெரியாதபோது முதலில் எடுக்க வேண்டிய இலக்கமும் இதுவே. ஆணைக்குழு அதிகாரிகள் நிலையத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சாதாரணக் கைதில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் அதில் சேராது. சட்டத்தரணி ஒருவர் நிலையத்துக்கு வந்து உங்களுக்காகப் பேசுவதை 2012ஆம் ஆண்டின் விதிகள் அனுமதிக்கின்றன. காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு.

மனித உரிமைகள் ஆணைக்குழுவால் பரிந்துரைதான் செய்ய முடியும். கட்டாயப்படுத்தும் தீர்ப்பு வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு, சம்பவத்திலிருந்து ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்து, அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் இதற்குப் போதாது, விசாரணை நடந்ததைக் காட்டும் கடிதம் வேண்டும். ஆகவே முதல் கிழமையிலேயே சட்டத்தரணியையும் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு வழி, குறைவாகவே எடுக்கப்படுவது: பொலிஸ் வழக்குப் போட மறுத்தால் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின் கீழ் நீங்களே நீதவானிடம் தனிப்பட்ட பிராது போடலாம். எழுத்தில் என்றால் சட்டத்தரணி வரைந்து ஒப்பமிட, நீங்களும் ஒப்பமிட வேண்டும். மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில், அம்பாறை என்று இரு மாவட்டத்திலும் நீதவான் நீதிமன்றங்கள் கிட்டவே இருப்பதால் தூரம் பிரச்சினையில்லை. பிரச்சினை சாட்சிதான். பொலிஸ் தேடாத சாட்சியை நீங்கள் கூட்டிவர வேண்டும், தவணைக்குத் தவணை வர வேண்டும், சட்டத்தரணிக் கூலி உங்களுடையது. கண்ணால் கண்ட இரண்டு பேரும் வைத்திய அறிக்கையும் கையில் இருந்தால் போடலாம். ஆள் யார் என்றே தெரியாத களவுக்கு இது உதவாது.

நிலையத்தில் "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதிய தாளில் கையொப்பம் வைத்தால் மேலே சொன்ன எந்த இடத்திலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வைக்கும் முன் எதிராளி என்ன செய்ய ஒப்புக்கொண்டார், எந்தத் திகதிக்குள், தவறினால் என்ன என்ற மூன்றும் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் "எனக்கு விசாரணை வேண்டும்" என்று சொல்லி எழும்பி வந்து, அன்றைக்கே ஏ.எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டுவிட்டுத் தபால் பற்றுச்சீட்டை முறைப்பாட்டுத் துண்டோடு சேர்த்து வையுங்கள்.